பசளை போட்டும் செடி தேறேல்லையா? கொழும்பு மண்ணின்ர புளிப்பை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது, எப்பிடிச் சரிபண்ணுறது

வெள்ளவத்தை, தெஹிவளை, அங்கால மாலபே, கடுவளை எண்டு சொந்தக்காரர், சிநேகிதர் வீடுகளுக்குச் செடி பாக்கப் போறனான், கன வருஷமாப் போறன், போற இடமெல்லாம் கேக்கிறது ஒரே வசனம்தான்: "தம்பி, போடாத பசளை இல்லை, ஆனா செடி வச்ச மாதிரியே நிக்குது." 2022ல சாமான் விலை ஏறி, அரசாங்க ஊழியருக்கு வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி வெள்ளிக்கிழமை லீவும் குடுத்த நேரம் தொடங்கின தோட்டங்கள் கனக்க இப்ப புல்லு மூடிக் கிடக்கு. அதில கொஞ்சத்தையாவது காப்பாத்தியிருக்கலாம் எண்டு நினைக்கேக்க உண்மையிலயே மனசு கஷ்டமா இருக்கும்.

யாழ்ப்பாணத்தில வளந்த எங்கட ஆக்களுக்கு இது பிடிபடாததுக்குக் காரணமும் இருக்கு. அங்க நிலத்துக்குக் கீழ சுண்ணாம்புக் கல், கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வச்சா கேத்திலில வெள்ளையாப் படியும், மண்ணுக்குச் சுண்ணாம்பு போடுறது எண்டா என்னத்துக்கு எண்டு கேப்பினம். கொழும்பில வருஷத்துக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல மழை பெய்யுது, அது மண்ணில இருக்கிற கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போயிடும், மிஞ்சுறது புளிப்பு மண்தான், அந்தப் புளிப்பை முறிக்கத்தான் சுண்ணாம்பு. அதால ஊர்ப் பழக்கத்தை அப்பிடியே இங்க செய்ய ஏலாது.

## எந்த அறிகுறி எண்டாலும் முதல்ல இதுகளைச் செய்யுங்கோ

மதிலுக்குக் கிட்ட இல்லாம அஞ்சாறு இடத்தில அரை அடி ஆழத்துக்குக் கிண்டி, மண்ணை ஒரு வாளியில போட்டுக் கலவுங்கோ. அதில ஒரு பங்கு எடுத்து ரெண்டு பங்கு காய்ச்சி வடிச்ச தண்ணி (டிஸ்டில்ட் வோட்டர்) விட்டு, வடிவாக் கலக்கி, அரை மணித்தியாலம் விட்டு மேல தெளிஞ்ச தண்ணியில பிஎச் பேப்பரைத் தோய்ச்சுப் பாருங்கோ. பிஎச் எண்டது புளிப்பை அளக்கிற எண், 7 நடு, அதுக்குக் கீழ இறங்க இறங்கப் புளிப்புக் கூட. 4 தொடக்கம் 7 வரைக்கும் காட்டுற பேப்பரா வாங்கினா நல்லம், 1 தொடக்கம் 14 வரைக்கும் உள்ளதில 5க்கும் 6க்கும் நிற வித்தியாசம் பிடிக்கிறது கஷ்டம். மரக்கறிக்கு 6 தொடக்கம் 6.5 நல்லம். இன்னொண்டு, 6ல இருந்து 5க்கு இறங்கினா ஒரு படி இறங்கினதா நினைக்காதேங்கோ, புளிப்பு பத்து மடங்கு கூடியிருக்கு, 4.5ல நிண்டா முப்பது மடங்குக்கும் மேல.

மண்ணில குத்துற ரெண்டு கம்பி மீற்றரை நான் நம்புறேல்ல. ஒரே சாடியில காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு காட்டும், ஈரம் மாற வாசிப்பும் மாறும்.

பேப்பர் இல்லாட்டி குசினியில ரெண்டு சோதினை இருக்கு. காஞ்ச மண்ணில வினாகிரி விட்டு நுரைச்சா அதுக்குள்ள சுண்ணாம்போ சீமெந்தோ இருக்கு, இது நம்பலாம். ஈர மண்ணில அப்பச்சோடா தூவி நுரைச்சா நல்லாப் புளிச்ச மண், ஆனா நுரைக்கேல்ல எண்டதை வச்சுப் புளிப்பில்லை எண்டு சொல்ல ஏலாது. செவ்வரத்தம் பூ இதழ் நாலைஞ்சைக் கொதிதண்ணியில போட்டு ஊறவிட்டு அந்தத் தண்ணியைத் தெளிஞ்ச மண் தண்ணியோட கலந்தும் பாக்கலாம். பக்கத்தில ஒரு கிளாசில தேசிப்புளி விட்டும், இன்னொண்டில வெத்திலைச் சுண்ணாம்பு கடுகளவு போட்டும் வச்சு ஒப்பிட்டுப் பாருங்கோ, புளி விட்டது பளிச்செண்டு சிவக்கும், சுண்ணாம்பு போட்டது பச்சையாப் போகும். மண் தண்ணி பச்சைப் பக்கம் சாய்ஞ்சா சுண்ணாம்புப் பக்கத்தையே நினைக்க வேண்டாம், நேரா மூண்டாவது அறிகுறிக்குப் போங்கோ.

## அறிகுறி 1: பசளை போட்டும் வளரேல்ல, அடி இலை முழுக்க மஞ்சளா வெளிறுது

காசு செலவில்லாததில இருந்து தொடங்குங்கோ. சாடி எண்டா அடி ஓட்டை அடைச்சிருக்கா, நிலம் எண்டா மழை விட்டு ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகும் தண்ணி நிக்குதா, நாளுக்கு அஞ்சாறு மணித்தியாலமாவது வெயில் விழுதா? இதில ஒண்டு பிழை எண்டாலும் சுண்ணாம்பு போட்டு ஒரு பிரயோசனமும் இல்லை.

அது சரி எண்டா ஒரு செடியைக் கிண்டி எடுத்து வேரைக் கழுவிப் பாருங்கோ. இதைச் செய்ய எல்லாரும் தயங்குவினம், ஒரு செடி போனாப் போகட்டும், மிச்சம் பத்துத் தப்பும். நல்ல வேர் வெள்ளையா, நூல் மாதிரிக் கிளை கிளையா ஓடியிருக்கும். புளிச்ச மண்ணில வளந்த வேர் கட்டையா, தடிச்சு, நுனி மண்ணிறமா, கிளை இல்லாம நிக்கும். மாலபேயில ஒரு வளவில கிண்டின கத்தரி வேரை இப்பவும் மறக்கேல்ல, மேல ரெண்டடிச் செடி, கீழ உள்ளங்கைக்குள்ள அடங்கிற வேர், நுனியெல்லாம் நெருப்பில காட்டின மாதிரிக் கறுத்து. பிஎச் 5க்கும் கீழ போனா மண்ணில கட்டுப்பட்டிருந்த அலுமினியம் கரைஞ்சு வெளிய வரும், வேர் நுனியைத் தாக்கிறது அதுதான். வேர் ஓடாட்டி நீங்க போட்ட பசளையைத் தேடிப்போய் எடுக்கிறது ஆர்?

அதே நேரம் போட்ட பொஸ்பரஸை இரும்பும் அலுமினியமும் பிடிச்சு வச்சுக்கொள்ளும், செடிக்குக் கிடைக்காது. இளஞ்செடியின்ர இலை அடிப்பக்கம் ஊதாவாத் தெரிஞ்சா அது பெரும்பாலும் பொஸ்பரஸ் குறைவுதான். மாட்டெருவில, கூட்டெருவில இருக்கிற நைதரசனைச் செடி எடுக்கிற மாதிரி மாத்திக் குடுக்கிற பற்றீரியாவும் 5.5க்குக் கீழ சோம்பிடும்.

இங்கதான் எல்லாரும் விழுற குழி இருக்கு. இலை மஞ்சள் எண்டு கண்ட உடன யூரியா போடுவினம், இல்லாட்டி அமோனியம் சல்பேற். ரெண்டும் மண்ணை இன்னும் புளிக்கப் பண்ணும், அமோனியம் சல்பேற் கனக்கப் பண்ணும், செடி ஒரு கிழமை பச்சைப் பிடிச்சிட்டுத் திரும்ப வெளிறும், திரும்ப யூரியா. பசளையை நிப்பாட்டிப்போட்டு பிஎச்சைப் பாருங்கோ எண்டு நான் கெஞ்சாத வீடில்லை.

பக்கத்தில மரவள்ளியும் வத்தாளையும் செழிப்பா நிண்டு, பயித்தங்காயும் தக்காளியும் மட்டும் சோந்து நிண்டா அதுவும் ஒரு சாட்சி, முதல் ரெண்டும் புளிப்பைத் தாங்கும்.

பிஎச் 5.5க்குக் கீழ எண்டா: டொலமைட் வாங்குங்கோ, அது சுண்ணாம்புக் கல் மாதிரி ஒரு கல்லை அரைச்ச தூள். அதில கல்சியத்தோட மக்னீசியமும் இருக்கு, இந்த மண்ணுக்கு ரெண்டுமே குறைவு. மூண்டடிக்கு மூண்டடி இடத்துக்கு, கடற்கரைப் பக்க மணல் எண்டா 100 கிராம், கபுக் கல்லு கிடக்கிற செம்மண் எண்டா 200 கிராம், சமையல் தராசில நிறுத்துப் போடுங்கோ. 10 லீற்றர் சாடிக்கு ஒரு மேசைக்கரண்டி. காத்தில்லாத நேரம், முகத்துக்கு ஒரு மாஸ்க் போட்டுக்கொண்டு தூவி அரை அடி ஆழத்துக்குக் கொத்திக் கலவுங்கோ, மேல தூவிவிட்டா மேல் ஒரு இஞ்சிக்குத்தான் வேலை செய்யும், டொலமைட் தானா நடந்து கீழ போகாது. மூண்டு நாலு கிழமை விட்டு நடுங்கோ. முழுப் பலன் தெரிய ரெண்டு மூண்டு மாதம் எடுக்கும், அதால அடுத்த கிழமையே அளந்து பாத்திட்டு இன்னும் ஒரு தரம் போடாதேங்கோ. தென்மேல் மழை பிடிக்க முதல், மார்ச் ஏப்ரலில மண் ஈரமா இருக்கேக்க போடுறது எனக்குச் சரிவந்த நேரம்.

பிஎச் 6க்கு மேல எண்டா: புளிப்பில்லை, உண்மையாவே பசளை குறைவு, கூட்டெருவும் கிளிரிசீடியாக் குழையும் போடுங்கோ.

வெத்திலைச் சுண்ணாம்பும் சுவருக்கு அடிக்கிற நீத்துச் சுண்ணாம்பும் தோட்டத்துக்கு வேண்டாம். மலிவுதான், ஆனா கரைசலின்ர பிஎச் 12க்கு மேல போகும், வேரும் புழுவும் எரியும், கண்ணில பட்டா ஆபத்து. முட்டைக்கோதும் சுண்ணாம்புதான், ஆனா நொறுக்கிப் போட்டா வருஷக்கணக்கா அப்பிடியே கிடக்கும், மா மாதிரி அரைச்சாத்தான் பிரயோசனம். அடுப்புச் சாம்பல் கெதியா வேலை செய்யும், பொட்டாசும் இருக்கு, கொஞ்சமாப் போடுங்கோ.

கடையில எப்பாவல பொஸ்பேற் கல்தூளையும் டொலமைட்டையும் ஒண்டாத் தந்துவிடுவினம். அந்தக் கல்தூள் கரையிறதுக்கே மண்ணில புளிப்பு வேணும், ரெண்டையும் ஒரே குழியில போட்டா ஒண்டு மற்றதைக் கெடுக்கும். கல்தூள் தென்னை மாதிரிக் கனகாலம் நிக்கிற மரத்துக்குப் பொருந்தும், மூண்டு மாதத்தில முடியிற மரக்கறிக்கு அது கரைஞ்சு வரக் காணாது.

## அறிகுறி 2: பயித்தங்காய், அவரை மட்டும் வெளிறி நிக்குது

அவரைக் குடும்பம் காத்தில இருக்கிற நைதரசனைத் தானே எடுக்கிற செடி, அதுக்கு மஞ்சள் பிடிக்கிறது எண்டா வேர் முடிச்சில இருந்து அந்த நைதரசனைப் பிடிச்சுக் குடுக்கிற கூட்டாளிப் பற்றீரியாவுக்கு ஏதோ நடந்திருக்கு. பூக்கத் தொடங்கிற நேரம் ஒரு செடியை இழுக்காம, சுத்தவரக் கிண்டி மண்ணோட தூக்கி, வாளித் தண்ணியில ஆட்டிக் கழுவுங்கோ. வேரில கடுகு, மிளகு அளவில முடிச்சு முடிச்சா இருக்கோணும். ஒண்டை நகத்தால கீறுங்கோ. உள்ள இளஞ்சிவப்பா, ஒரு சொட்டு ரத்தம் கலந்த தண்ணி மாதிரி நகத்தில ஒட்டினா அது வேலை செய்யுது. முதல் தரம் இதைப் பாக்கிற சின்னப் பிள்ளையள் செடிக்கு ரத்தமோ எண்டு கேப்பினம், உண்மையிலயே எங்கட ரத்தத்தில ஒட்சிசனைக் காவிற பொருளுக்குச் சொந்தக்காரப் பொருள்தான் அது.

- முடிச்சு இருக்கு, உள்ளுக்குச் சிவப்பு: பிரச்சினை வேற எங்கயோ, தண்ணியையும் பூச்சியையும் பாருங்கோ.
- முடிச்சு இருக்கு, உள்ளுக்கு வெள்ளை இல்லாட்டிப் பச்சை: வேலை செய்யேல்ல. புளிச்ச மண்ணில மொலிப்டினம் எண்ட சத்து கிடைக்காது, அது இல்லாம நைதரசன் பிடிக்க ஏலாது. பிஎச்சை ஏத்தினா மண்ணில இருக்கிற மொலிப்டினமே வெளிய வந்திடும், தனியா வாங்கத் தேவையில்லை.
- முடிச்சே இல்லை: முதல்ல யூரியா கூடப் போட்டீங்களா எண்டு யோசியுங்கோ, சும்மா கிடைக்கேக்க செடி கூட்டாளியைத் தேடாது. அது இல்லாட்டி பிஎச் பாருங்கோ. டொலமைட் போட்டு ஒரு மாதத்தால, நல்லாக் காய்ச்ச தோட்டத்தில இருந்து ரெண்டு கை மண் வாங்கி விதைக்குழியில போட்டு நடுங்கோ, அந்த மண்ணோட பற்றீரியாவும் வரும். ஆனா கத்தரி, தக்காளி வாடிச் செத்த தோட்டத்து மண்ணை மட்டும் வாங்காதேங்கோ.

முடிச்சு எண்டதுக்காக ஒண்டு கவனம். நகத்தால தட்டினா கழண்டு விழுறது நல்ல முடிச்சு, வேரே வீங்கி வேரோட ஒண்டா நிண்டா அது வட்டப்புழு (நெமற்றோட்), அதுக்குச் சுண்ணாம்பு மருந்தில்லை.

## அறிகுறி 3: புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இது தலைகீழான பிரச்சினை, புளிப்புக் குறைஞ்சு போச்சு. கறிவேப்பிலையிலயும் எக்ஸோராவிலயும்தான் முதல்ல தெரியும், இரும்பு மண்ணில இருக்கும், செடிக்குக் கிடைக்காது.

தெஹிவளையில ஒரு அன்ரி வீட்டில கறிவேப்பிலை கொழுந்து எலுமிச்சை நிறத்தில வந்துகொண்டிருந்திச்சு, ஆரோ சொல்லிக்கேட்டு ரெண்டு தரம் டொலமைட் போட்டிருந்தா, போடப் போட மோசம். மரம் நிண்டது புது மதிலோட. ஒரு அடி கிண்ட சாந்துக் கட்டியும் உடைஞ்ச செங்கல்லும், மேசன் வேலை செய்யேக்க சீமெந்துத் தாச்சி கழுவின இடமே அதுதான். கட்டி ஒண்டில வினாகிரி விட்டிட்டுக் காதுக்குக் கிட்டக் கொண்டுபோக சுர்ர் எண்டு சத்தம். அண்டையில இருந்து மதிலோரச் செடிக்கு நான் பிஎச் பாக்காம வாயே திறக்கிறேல்ல.

சரிபண்ணுற வழி, மலிவில இருந்து: சுண்ணாம்பு, சாம்பல், முட்டைக்கோது எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ. கட்டிடக் குப்பையைக் கிண்டி எடுத்து, கூட்டெரு கலந்த புது மண் போடுங்கோ. செடியைக் காப்பாத்த இரும்புச் சல்பேற் ஒரு லீற்றருக்கு 5 கிராம் கரைச்சுப் பின்னேரத்தில இலைக்கு அடியுங்கோ, சீமெந்துத் தரையில பட்டா துருக்கறை போகாது, பாத்து அடியுங்கோ. கந்தகத் தூளும் போடலாம், அதைப் புளிப்பா மாத்திறது மண்ணில இருக்கிற பற்றீரியாதான், அதால மாதக்கணக்கு எடுக்கும். சின்னச் செடி எண்டா பிடுங்கிச் சாடியில வைக்கிறதுதான் லேசு.

அந்தூரியம், எக்ஸோரா, அன்னாசி வச்சிருக்கிற ஆக்கள் அதுகளுக்கு டொலமைட் போடவே வேண்டாம், அதுகள் புளிப்பு மண்ணை விரும்புற செடியள்.

## அறிகுறி 4: பழைய இலை நரம்புக்கிடையில மஞ்சள், கொழுந்து பச்சை

மூண்டாவதோட குழப்பாதேங்கோ, மஞ்சள் மேலயா கீழயா எண்டதுதான் முழு வித்தியாசமும். இது மக்னீசியம். சாம்பலோ பொட்டாஷ் பசளையோ கூடப் போட்டிருந்தா அதை முதல்ல நிப்பாட்டுங்கோ, பொட்டாசியம் கூடினா செடி மக்னீசியத்தை எடுக்காது. எப்சம் உப்பு லீற்றருக்கு 10 கிராம் இலைக்கு அடிச்சா கெதியாத் தெரியும். பிஎச்சும் குறைவெண்டா டொலமைட் போட்டா ரெண்டும் ஒண்டாத் தீரும்.

## அறிகுறி 5: தக்காளிக் காயின்ர அடி கறுத்து அழுகுது

கல்சியம் காய்க்குப் போய்ச் சேரேல்ல. ஆனா உடன சுண்ணாம்புப் பையைத் தூக்காதேங்கோ, மொட்டை மாடிச் சாடியள் மத்தியானத்தில காஞ்சு பின்னேரம் நனையிறதுதான் கன இடத்தில காரணம். ரெண்டு நேரமும் அளவாத் தண்ணி, மேல தென்னந்தும்பு மூடாக்கு, யூரியாவைக் குறைக்கிறது, இவ்வளவையும் ரெண்டு கிழமை செய்து பாத்தும் புதுக்காய் கறுத்தா பிஎச் பாருங்கோ.

செடி பச்சையா இருக்கேக்கயே ஒரே நாளில வாடினா அது வேற கதை. தண்டை வெட்டித் தெளிஞ்ச தண்ணிக் கிளாசில தொங்கவிடுங்கோ, பால் நூல் மாதிரி இறங்கினா பற்றீரியா வாடல், செடியை வேரோட எடுத்து வளவுக்கு வெளிய அனுப்புங்கோ.

## அறிகுறி 6: மண்ணில புழு இல்லை, போட்ட குழை உக்காம அப்பிடியே கிடக்கு

ஒரு அடிக்கு ஒரு அடி, அரை அடி ஆழம் கிண்டி ஒரு பழைய பேப்பரில கொட்டி மண்புழுவை எண்ணுங்கோ. மழைக்காலத்தில ஒண்டுகூட இல்லாட்டி ஏதோ பிழை. மண்ணைக் கையில எடுத்து மணந்து பாருங்கோ, முதல் மழைக்கு வாற அந்த வாசம் வரோணும், அந்த வாசத்தை உண்டாக்கிறதே மண்ணில இருக்கிற ஒரு பற்றீரியாக் கூட்டம்தான், அதுகளுக்குப் புளிப்புக் கூடினா பிடிக்காது. பூஞ்சணம் புளிப்பைத் தாங்கும், அதால புளிச்ச மண்ணில குழை வெள்ளை நூல் பிடிச்சுக் கிடக்கும், ஆனா கெதியா உக்காது.

முதல் காரணம் மண் காஞ்சு போறது இல்லாட்டி வெள்ளம் நிக்கிறது. ரெண்டாவது, தின்ன ஒண்டுமில்லாத வெறும் மண். மூண்டாவதுதான் புளிப்பு. டொலமைட் போட்ட பிறகு பற்றீரியா முழிச்சு, கிடக்கிற உக்கலை விறுவிறு எண்டு தின்னத் தொடங்கும், செடி பச்சைப் பிடிக்கும், பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அது மண்ணின்ர சேமிப்பைத்தான் செலவழிக்குது. அதால சுண்ணாம்பு போட்ட வருஷம் கூட்டெருவைக் கூட்டிப் போடோணும், குறைக்கக் கூடாது. கூட்டெருக் குவியலுக்குள்ள சுண்ணாம்பு போடாதேங்கோ, நைதரசன் அமோனியாவாப் பறந்திடும். யூரியாவும் சுண்ணாம்பும் ஒண்டாப் போட்டாலும் அதேதான், மூக்கில ஏறுற மணம் வந்தா உங்கட காசுதான் காத்தில போகுது, ரெண்டுக்கும் இடையில மூண்டு கிழமையாவது விடுங்கோ.

## அறிகுறி 7: சுண்ணாம்பு போட்டும் பிஎச் ஏறேல்ல

கொத்திக் கலந்தீங்களா, மூண்டு மாதம் போச்சா, தூள் மா மாதிரியா குறுணியா, இடையில அமோனியம் சல்பேற் போட்டீங்களா எண்டு பாருங்கோ. எல்லாம் சரி எண்டா செம்மண்ணுக்கு இன்னும் ஒரு 200 கிராம், ஆறு மாதம் விட்டு. ஒரேயடியாக் கொட்டினா மூண்டாவது அறிகுறிக்குத்தான் போவீங்கள்.

## எப்ப ஆளைக் கூப்பிடோணும்

ரெண்டு தரம் போட்டும் 4.5ஐத் தாண்டேல்ல எண்டா நிப்பாட்டுங்கோ. சதுப்பு நிலம் நிரப்பின காணியில கிண்டேக்க கூழ்முட்டை மணம் வந்தா, இல்லாட்டிக் காஞ்ச மண்ணில வைக்கோல் மஞ்சளில கோடு தெரிஞ்சா, டொலமைட் வாங்க முதலே ஆளைக் கூப்பிடுங்கோ, அந்த மண்ணைக் கிண்டிக் காத்துப்பட விட்டாலே புளிப்பு இன்னும் கூடும். கால் ஏக்கருக்கு மேல எண்டாலும் குத்துமதிப்பில போடாம ஆய்வுகூடத்தில பாத்துப் போடுறதுதான் காசு மிச்சம்.

உங்கட பகுதிக் கமநல சேவை நிலையத்தில விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கோ, விவசாயத் திணைக்களத்தின்ர 1920க்கும் எடுக்கலாம், எங்க மண் குடுக்கிறது எண்டு சொல்லுவினம். மண்ணை நிழலில காயவிட்டு, அரைக் கிலோ, சுத்தமான பொலித்தீன் பையில போட்டுக் கொண்டுபோங்கோ, பசளை வந்த பையில மட்டும் போடாதேங்கோ. கடைசி ஆறு மாதத்தில என்னென்ன, எவ்வளவு, எப்ப போட்டீங்கள் எண்டு ஒரு துண்டில எழுதி வெளியால ஒட்டிவிடுங்கோ, அவங்கள் முதல்ல கேக்கிறதும் அதைத்தான்.